நேராக்க வேண்டிய குறை எதுவும் அந்தக் கூந்தலில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களின் கூந்தல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். முடியை நேராக்கும் ரசாயனத்தைக் கைவிட்டு இயற்கைச் சுருளோடு வெளியே வரும் அமெரிக்கப் பெண்களைப் பாராட்டித்தான் கட்டுரை தொடங்குகிறது. ஆனால் அடுத்த பத்தியிலேயே அந்த முடி வறண்டது, வளராதது, அடங்காதது என்றாகிவிடுகிறது. கடைசியில், தினமும் எண்ணெய் வைத்தால் போதும், பின்னிக்கொண்டால் கவலையே இல்லை, முடிந்தவர்கள் பார்லரில் ரசாயனத்தால் முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங் செய்துகொள்ளலாம் என்று ஆலோசனை வேறு. தலைமுடிப் பராமரிப்பிலும் தோல் மருத்துவத்திலும் இருக்கிற நாங்கள் இதைத் திருத்தாமல் விட முடியாது. ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில் வழக்கமாகத் தரும் இடத்தைவிடக் கூடுதலாகக் கேட்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'வளராது' என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆசியத் தலைமுடி மாதம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளர்கிறது. ஆப்பிரிக்க வகை முடி ஏறக்குறைய முக்கால் சென்டிமீட்டர் வளர்கிறது. மெதுவுதான், ஆனால் நிற்பதில்லை. வருடத்துக்கு ஒன்பது சென்டிமீட்டர் வருகிறது. அது கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கு ஒரு காரணம், சுருக்கம். இழுத்துப் பிடித்தால் தோளைத் தொடும் முடி, விட்டதும் காதோரம் போய் நின்றுகொள்ளும். நெருக்கமான சுருளில் நீளத்தில் பாதிக்கு மேல் இப்படி உள்ளே போய்விடும். மற்றொரு காரணம், வேரில் வளர்கிற வேகத்திலேயே நுனியில் ஒடிவது. இதைத் தடுக்க முடியும். பராமரிப்பு என்று நாங்கள் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒடிவைத் தடுப்பதுதான்.

ஏன் ஒடிகிறது? இந்த முடியின் வேர்க்கால் தோலுக்குள் நேராக நிற்பதில்லை, வளைந்திருக்கிறது. அதிலிருந்து வரும் இழையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நம் முடிபோல வட்டமாக இருக்காது. நாடாவைப்போல் தட்டையான நீள்வட்டமாக இருக்கும். இழை முறுக்கித் திரும்பும் ஒவ்வொரு இடமும் பலவீனமான இடம். சீப்பு மாட்டுவதும் அங்கேதான், முறிவதும் அங்கேதான். தலையில் சுரக்கும் எண்ணெய்ப் பசை நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடுகிறது. சுருளில் அதற்கு வழியில்லை. அதனால் ஒரே தலையில் வேர்ப்பக்கம் பிசுபிசுப்பாகவும் நுனி காய்ந்தும் இருக்கும். இது நோயும் இல்லை, குறையும் இல்லை. வெயில் கடுமையான நிலத்தில் நெருக்கமான சுருள் மண்டையின் சூட்டைக் குறைக்கிறது என்பதையும் ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

தினசரி எண்ணெய் யோசனை நம் வீட்டுப் பழக்கத்தை அப்படியே அங்கே தூக்கி வைத்ததால் வந்தது. எண்ணெய் ஈரம் தராது. இருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் பிடித்து வைக்கும். காய்ந்த முடியில் எண்ணெய் தடவினால் காய்ந்த முடி பளபளக்கும், அவ்வளவுதான். மண்டைத்தோலில் தினமும் தேய்த்தால் வேறு வம்பு வரும்: பொடுகோடு சம்பந்தப்பட்ட மலசேசியா பூஞ்சைக்குக் கொழுப்புதான் தீனி. அரிப்பு வந்தவர் 'வறட்சி' என்று நினைத்து இன்னும் கொஞ்சம் எண்ணெய் வைப்பார். செதில் இன்னும் கூடும்.

சரியான முறைக்கு நேரம் பிடிக்கும். அமெரிக்காவில் இதற்கென்றே வாரத்தில் ஒரு நாளை 'வாஷ் டே' என்று ஒதுக்கி வைப்பார்கள். இரண்டு மூன்று மணி நேரம் போய்விடும். வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ அலசினால் போதும். அலசுவதற்கு அரை மணி முன்னதாக இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயை முடியின் நீளத்தில், அதிலும் கடைசி நான்கு விரல் அளவில், தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய் இழைக்குள் ஊறி, முடி நனையும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கும். சிலருக்கு அதுவே முடியை விறைக்க வைக்கும். அவர்கள் ஆலிவ் எண்ணெய்க்கு மாறிக்கொள்ளலாம். பிறகு வகிடெடுத்துத் தலையை நான்கு அல்லது எட்டுப் பகுதியாகப் பிரித்து, கிளிப் போட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் அவிழ்த்து அலச வேண்டும். முழுத் தலையையும் அவிழ்த்துப் போட்டு உச்சியில் குவித்து நுரைக்க நுரைக்கத் தேய்த்தால், அன்று மாலைவரை சிக்கெடுக்க வேண்டியதுதான். சல்ஃபேட் இல்லாத ஷாம்புவை விரல் நுனியால் மண்டையில் மட்டும் தேய்த்தால் போதும். நுரை வழிந்து இறங்கும்போதே நீளமும் சுத்தமாகிவிடும்.

கண்டிஷனரில் கஞ்சத்தனம் கூடாது. நடுத்தர நீளத்துக்கு ஒரு பகுதிக்கு ஒரு மேசைக்கரண்டியாவது வேண்டும். சிக்கெடுப்பது கண்டிஷனர் முடியில் இருக்கும்போதே நடக்க வேண்டும். உலர்ந்த பிறகு சீப்பையே தொடக் கூடாது. முதலில் விரலால் பிரித்து, அப்புறம் அகலப் பல் சீப்பை நுனியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேரை நோக்கி ஏற்றிக்கொண்டு போக வேண்டும். சிக்குக்கு மேலே மறு கையால் முடியைப் பிடித்துக்கொண்டால் வேர் இழுபடாது. சீவும்போது பொட் பொட்டென்று மெல்லிய சத்தம் கேட்டால் இழை முறிகிறது என்று அர்த்தம். நிறுத்தி, தண்ணீர் தெளித்து, இன்னும் கொஞ்சம் கண்டிஷனர் போட்டுத் தொடர வேண்டும். சீப்பில் வந்ததை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது காலம் முடிந்து உதிர்ந்த முடி. குமிழ் இல்லாமல் குட்டைத் துண்டுகளாக இருந்தால் ஒடிந்த முடி. வாரம் ஒருமுறை அலசுகிறவருக்கு ஏழு நாள் உதிர்வு மொத்தமாக ஒரே நாளில் கைக்கு வரும். அதைக் கண்டு பதற வேண்டாம்.

அலசியதும் துண்டால் கரகரவென்று துவட்டாமல், பழைய பனியன் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். ஈரம் சொட்டாத அளவில், அலசத் தேவையில்லாத லீவ்-இன் கண்டிஷனர், அதன் மேல் சில சொட்டு எண்ணெய், அதற்கும் மேல் ஷியா வெண்ணெய் போன்ற கெட்டியான ஒன்று. ஈரம் தருவது முதலில், அதைப் பிடித்து வைப்பது பிறகு. மேற்கு ஆப்பிரிக்காவில் ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து பெண்கள் தலைமுறை தலைமுறையாக எடுத்துவரும் வெண்ணெய் அது. பிறகு இரண்டிரண்டு கற்றையாக முறுக்கிவிட்டு அப்படியே உலரவிட வேண்டும். இரவில் பருத்தித் தலையணை உறை ஈரத்தை உறிஞ்சும், உரசியும் ஒடிக்கும். அதனால்தான் சாட்டின் தொப்பி. ஜரிகை இல்லாத பட்டுத் துணியைக் கட்டிக்கொண்டாலும் அதே பலன்தான்.

பின்னிக்கொண்டால் கவலையே இல்லை என்பது பாதி உண்மை. மண்டையை ஒட்டிப் பின்னும் கார்ன்ரோவும், கட்டம் கட்டமாகப் பிரித்துப் பின்னும் பாக்ஸ் பிரெய்டும் முடியைச் சீப்பிலிருந்தும் உரசலிலிருந்தும் காப்பாற்றுகின்றன. ஆனால் பின்னல் வலிக்கக் கூடாது. பின்னிக்கொண்டு வந்து தலைவலி மாத்திரை போட வேண்டியிருந்தால் பின்னியவர் இறுக்கிவிட்டார் என்று பொருள். வேரைச் சுற்றிச் சிறு கொப்புளம் கிளம்புவதும், தோல் கூடாரம்போல் தூக்கிக்கொண்டு நிற்பதும் எச்சரிக்கை. அன்றைக்கே அவிழ்த்துவிட வேண்டும். விட்டால் நெற்றி ஓரமும் காதுக்கு முன்புறமும் மெலிந்துகொண்டே போகும். இந்த இழுவைச் சொட்டையை ஆரம்பத்திலேயே பிடித்தால் முடி திரும்ப வரும். வருடக்கணக்கில் இழுபட்டு வேர்க்கால் தழும்பாகிவிட்டால் வராது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு மேல் ஒரே பின்னலை வைத்திருக்கக் கூடாது. சேர்த்துப் பின்னும் செயற்கை முடியில் அரிப்பு வந்தால், அடுத்த முறை அதை ஆப்பிள் சிடர் வினிகர் கலந்த தண்ணீரில் ஊற வைத்து, மேலே வெள்ளையாகப் பூச்சு மிதந்த பின் அலசி உலர்த்திப் பயன்படுத்தலாம். உச்சந்தலையில் தொடங்கி வட்டமாக வெளியே பரவும் வழுக்கை வேறு நோய். அதற்கு எண்ணெயும் பின்னலும் உதவாது. தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி ஸ்மூத்தனிங். கட்டுரையிலேயே ஆபத்தான வரி இதுதான். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஆப்பிரிக்க மாணவியர் படிக்கிறார்கள். இங்குள்ள பார்லருக்குத்தான் வருகிறார்கள்.

நம் பார்லர்களில் நிரந்தர ஸ்ட்ரெயிட்டனிங் பெரும்பாலும் தயோகிளைகோலேட் கிரீமில் நடக்கிறது. அது முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்பை அவிழ்க்கிறது. அயர்ன் செய்து நேராக்கிய பின் பெராக்சைடு கலந்த நியூட்ரலைசர் அதை மறுபடி பூட்டுகிறது. ஆப்பிரிக்க வகை முடியை நேராக்கப் போடும் ரிலாக்ஸர் வேறு சரக்கு. அதில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது சோப்பு காய்ச்சும் காஸ்டிக் சோடா. ஆங்கிலத்தில் இதற்கு 'லை' என்று பெயர். 'லை இல்லாதது' என்று விற்பதில் கால்சியம் ஹைட்ராக்சைடையும் குவானிடின் கார்பனேட்டையும் கலந்து குவானிடின் ஹைட்ராக்சைடு ஆக்குவார்கள். இரண்டும் கடும் காரம், பிஹெச் 12-க்கு மேல். இவை கந்தகப் பிணைப்பை அவிழ்ப்பதோடு நிற்பதில்லை. இரண்டு கந்தக அணுவில் ஒன்றை நிரந்தரமாகக் கழற்றிவிடுகின்றன. திரும்பப் பூட்ட அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அப்படிப்பட்ட முடியில் தயோ கிரீமைப் போட்டால் மீதிப் பிணைப்பும் அறுந்து, அலசும்போது முடி கொத்தாகக் கையோடு வந்துவிடும். தயோ போட்ட முடியில் ரிலாக்ஸர் போட்டாலும் இதே கதிதான். இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது. ஒரு முறை ரிலாக்ஸர் போட்ட பகுதி வெட்டியெறியும்வரை ரிலாக்ஸர் போட்ட பகுதிதான். ஒன்றரை வருடத்துக்கு முன் போட்டது நுனியில் அப்படியே இருக்கும். பார்லர்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'கடைசியாக எப்போது, என்ன போட்டீர்கள்?' பதில் தெளிவாக இல்லையென்றால் பிடரியில் உள்பக்கமாகச் சில இழைகளை வெட்டி அதில் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கும் நேரமில்லாதவர் அந்த வேலையை எடுக்கக் கூடாது.

ரிலாக்ஸரே போடுவதாக முடிவெடுத்தவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. போடுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே தலையைச் சொறியவோ ஷாம்பு போடவோ கூடாது. நகக் கீறலில் காரம் இறங்கினால் புண்தான். நெற்றி ஓரம், காது, மண்டைத்தோல் எல்லாம் பெட்ரோலியம் ஜெல்லி பூச வேண்டும். புதிதாக வளர்ந்த பகுதியில் மட்டும், தோலிலிருந்து அரை சென்டிமீட்டராவது தள்ளிப் போட வேண்டும். ஏற்கெனவே நேரான பகுதியில் மறுபடி பட்டால், இரண்டும் சேரும் இடத்தில் முறியும். பெட்டியில் போட்ட நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் வைக்கக் கூடாது. எரிச்சல் தொடங்கினால் நேரம் மிச்சமிருந்தாலும் உடனே அலச வேண்டும். 'எரிந்தால்தான் பிடிக்கிறது' என்று தலைமுறைகளாகச் சொல்லிவரும் பேச்சு எத்தனையோ தலைகளில் புண்ணை உண்டாக்கியிருக்கிறது. தண்ணீரில் ஐந்து நிமிடமாவது நன்றாக அலசிய பிறகு நியூட்ரலைசிங் ஷாம்பு. காரம் மிச்சமிருந்தால் நிறம் காட்டும் வகை கிடைக்கிறது: நுரை இளஞ்சிவப்பாக வரும் வரைக்கும் காரம் இன்னும் தலையில் இருக்கிறது. வெள்ளை நுரை வரும்வரை மூன்று நான்கு முறைகூடப் போட வேண்டியிருக்கும். பின் கழுத்திலும் காதுக்குப் பின்னாலும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். அடுத்த முறை போட இரண்டு மாதமாவது இடைவெளி வேண்டும்.

முடியை நேராக்கும் கெரட்டின் சிகிச்சை 'இயற்கை' என்று கட்டுரையில் எழுதியிருப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அவற்றில் பலவற்றில் சூடுபட்டதும் ஃபார்மால்டிஹைடு வாயு வெளிவரும். கண் எரிவது அதனால்தான். போட்டுக்கொள்கிறவருக்கு அது வருடத்தில் சில மணி நேரம், போட்டுவிடும் பெண்ணுக்கு அன்றாடம். 2022-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள், 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த முடிவை வெளியிட்டார்கள். முடியை நேராக்கும் ரசாயனத்தைப் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடியவர்கள் 1.64 சதவீதம் என்றும், வருடத்துக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம் என்றும் கணித்தார்கள். இது தொடர்பைக் காட்டுகிறது. இதுதான் காரணம் என்று நிரூபித்துவிடவில்லை. ஆனால் நேராக்குவதைப் பராமரிப்பு என்று எழுதும் முன் இந்த இரண்டு எண்களையும் வாசகிக்குச் சொல்லியாக வேண்டும்.

கட்டுரையாளர் இதையெல்லாம் 'ஃபேஷன் விருப்பம்' என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறார். விருப்பமா? 1786-ல், ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த லூசியானாவில், ஆளுநர் மிரோ சுதந்திரமான கறுப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் ஒருவரின் இனத்தைத் தீர்மானிக்க முடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். தலையை ஆட்டியும் பென்சில் விழாவிட்டால் அவர் வெள்ளையர் இல்லை. அந்த ஒரு பென்சிலில் வீடு, பள்ளி, திருமணம் எல்லாம் தீர்மானமாகும். அதே நாட்டில் 2016-ல் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவியர், தங்கள் ஆஃப்ரோ முடியை 'ஒழுங்குபடுத்த'ச் சொன்னதற்கு எதிராகப் போராட வேண்டியிருந்தது.

அமெரிக்க நீதிமன்றங்களும் இதில் சளைத்தவை அல்ல. 1981-ல் விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான ரோஜர்ஸ் வழக்கில், கார்ன்ரோ பின்னல் பிறவியில் வந்தது இல்லை, எளிதில் மாற்றிக்கொள்ளக் கூடியது, எனவே அதைத் தடுப்பது இனப் பாகுபாடு ஆகாது என்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. வேலை நேரத்தில் பின்னலைக் கொண்டையாக்கி அதன் மேல் சவுரி வைத்து மறைத்துக்கொள்ளலாம் என்பது நிறுவனம் காட்டிய வழி. அதனால் தலைவலி வருகிறது என்று அந்தப் பெண் சொன்னபோது, இன்னும் பெரிய சவுரியாக வைத்தால் இறுக்கம் குறையும் என்ற அளவில் தீர்ப்பு நின்றுவிட்டது. 2016-லும் அலபாமாவில், சடைமுடியை (ட்ரெட்லாக்ஸ்) வெட்ட மறுத்ததால் வேலை கிடைக்காமல் போன பெண்ணின் வழக்கு மேல்முறையீட்டில் தோற்றது. 2019 ஜூலை 3 அன்று கலிஃபோர்னியாவில் கிரவுன் சட்டம் கையெழுத்தான பிறகுதான் ஒரு மாநிலம் முதல்முறையாக, முடியின் இயல்பும் பின்னல், சடைமுடி போன்ற பாங்குகளும் இன அடையாளத்தின் பகுதி என்று சட்டத்தில் எழுதியது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. நாடு முழுமைக்குமான மசோதா 2022-ல் கீழவையில் நிறைவேறி, மேலவையில் முடங்கியது. இத்தனைக்கும் நடுவே ஒரு பெண் நேர்முகத் தேர்வுக்கு முந்தின நாள் ரிலாக்ஸர் போட்டுக்கொண்டால் அதை ஃபேஷன் என்பதா? நேராக்கிக்கொள்கிறவரைக் குற்றம் சொல்வதும் எங்கள் வேலை இல்லை. அந்தப் பெண்ணின் தலை, அந்தப் பெண்ணின் முடிவு. ஆனால் நேராக்காவிட்டால் வேலை போகும் என்ற நிலை இருக்கும்வரை அதை வெறும் விருப்பம் என்று எழுத முடியாது.

சவுரி என்றதும் கட்டுரை விட்டுவிட்ட ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்தச் சவுரிச் சந்தையில் நாம் வேடிக்கை பார்ப்பவர்கள் இல்லை, சரக்கு அனுப்புகிறவர்கள். திருமலையிலும் பழனியிலும் திருத்தணியிலும் சமயபுரத்திலும் காணிக்கையாகும் முடி ஏலத்துக்குப் போகிறது, சென்னையிலிருந்து கப்பலேறுகிறது. வேர் ஒருபுறம், நுனி ஒருபுறமாகக் கலையாமல் கட்டியது 'ரெமி', விலை அதிகம். தெருவில் பாத்திரத்துக்கும் ஊசிக்கும் மாற்றிக்கொள்ளும் சிக்கு முடி இரண்டாம் தரம். அதில் இழையின் மேலுள்ள நுண்செதில்கள் எதிரெதிராக இருப்பதால் அமிலத்தில் முக்கிச் செதிலை நீக்கி, சிலிக்கோன் பூசி மினுக்குவார்கள். சில அலசலில் பூச்சு போனதும் அது பின்னிக்கொண்டு கிடக்கும். கடையில் 'பிரேசிலியன்', 'பெரூவியன்' என்ற பெயரில் விற்பவற்றில் பலவும் இந்தியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ போனவைதான். நம் ஊர்ப் பெண்களின் நேர்முடியைத்தான் அங்கே கார்ன்ரோவின் மேல் வைத்துத் தைக்கிறார்கள். இதை எழுதாமல் 'அவர்கள் ஏன் நேர்முடிக்கு ஆசைப்படுகிறார்கள்' என்று நாம் வியப்பது அவ்வளவு நியாயமாக இல்லை.

கட்டுரையோடு வந்த 'முன்–பின்' படங்களுக்கும் வருவோம். சுருளை 'முன்' என்றும் நேர்முடியை 'பின்' என்றும் போட்டிருக்கிறீர்கள். 2020 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் கிளிக்ஸ் கடைகளின் இணையதளத்தில் ட்ரெசமே என்ற தலைமுடிப் பொருளின் விளம்பரம் இதையேதான் செய்தது. கறுப்பினப் பெண்ணின் முடிக்கு 'வறண்டது, சேதமடைந்தது' என்றும், வெள்ளைப் பெண்ணின் முடிக்கு 'இயல்பானது' என்றும் தலைப்பு. கடைகள் முன் போராட்டம் வெடித்து, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அதற்கு முந்திய ஆண்டுதான் அதே நாட்டின் சோசிபினி துன்சி, ஒட்ட வெட்டிய இயற்கை முடியோடு பிரபஞ்ச அழகிப் பட்டம் வென்றிருந்தார். உங்கள் படப்பிரிவுக்கு அந்தப் படம் கிடைக்காமல் இருந்திருக்காது.

ரசாயனத்தை விட்டுவிட நினைக்கும் வாசகிகளுக்கு ஒரு குறிப்பு. இரண்டு வழி உண்டு. ரிலாக்ஸர் பட்ட பகுதி முழுவதையும் ஒரே நாளில் வெட்டிவிடலாம். மனம் வராவிட்டால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு சென்டிமீட்டர் வெட்டிக்கொண்டே ஒன்றரை வருடம் ஓட்டலாம். இரண்டாவது வழியில், பழைய நேர்முடியும் புதிய சுருளும் சேரும் கோட்டில்தான் முறியும். அந்த இடத்தில் சீப்பு படாமல் விரலால் மட்டும் பிரிக்க வேண்டும். சென்னை போர்வெல் தண்ணீரில் அலசுகிறவர்கள் மாதம் ஒருமுறை உப்புப் படிவை நீக்கும் கீலேட்டிங் ஷாம்பு போட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்வது நல்லது. 'லை இல்லாத' ரிலாக்ஸர் போட்ட முடிக்கு இது இன்னும் அவசியம். அந்தச் சரக்கே கால்சியத்தை முடியில் விட்டுவிட்டுத்தான் போகும்.

கட்டுரையை முழுக்கத் திருத்தி எழுதக் கேட்கவில்லை. ஸ்மூத்தனிங் பற்றிய வரிக்கு மட்டும் அடுத்த மகளிர் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஒரு திருத்தம் போடுங்கள்: ரிலாக்ஸர் போட்ட முடிக்குத் தயோ கிரீம் கூடாது, இழைச் சோதனை இல்லாமல் எந்த ரசாயனமும் கூடாது. கட்டுரையைக் கத்தரித்துப் பார்லருக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கும் வாசகி கண்ணில் அது படட்டும்.

இப்படிக்கு,
தலைமுடிப் பராமரிப்பு, தோல் மருத்துவத் துறையினர் சிலர்,
சென்னை.